பூமழைக்கு அமுக்கிய சுவிட்சு

நான் பொய் சொன்னேன். மண்டபம் நிறைந்த கல்யாணக் கூட்டத்தில், ஐயர் முன்னால், அக்கினி முன்னால் பொய் சொன்னேன்! அக்கினியில் பாதி அப்போது பறந்து போயிருந்தது. பறக்கவிட்டது என் கை. பழியை வாங்கிக்கொண்டது தர்ஷினி என்கிற ஒரு பிள்ளை.

இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. கோயிலில் அம்மனிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே எப்போதும் யாராவது பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ... அதுதான் எனக்கு வசதி.

ஆனால் அதற்கு முன் நான் யார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆளைத் தெரியாமல் அவன் குற்றத்தை எடைபோடக் கூடாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாப்பாட்டுக் கடையில் எச்சில் கோப்பை கழுவினேன். பிறகு அந்தக் கடையையே வாங்கினேன். மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றினேன். பிறகு அந்த லொறியையும் வாங்கினேன். கடைசியில், ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற பாதையில், பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மண்டபம் கட்டினேன். ராஜமாணிக்கம் கல்யாண மண்டபம். ராஜமாணிக்கம் யார் என்று கேட்காதீர்கள். நான்தான். செத்த பிறகு யாராவது பேர் வைப்பார்கள் என்று காத்திருக்கிற ஆள் நான் இல்லை!

அந்த மண்டபத்தை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் சமையற்கட்டு எழும்பியது. அதனால் முதல் சுவிட்சு சமையற்கட்டு விளக்குக்கு. அடுத்தது கக்கூஸ், இரண்டாவது சுவிட்சு அதற்கு. பிறகு மேடை வந்தது, மூன்றாவது சுவிட்சு. பிறகு தண்ணீர் மோட்டார். மண்டபம் வளர வளரப் பலகையும் வளர்ந்தது. எல்லா வயரும் நான் இழுத்தது. மேடைக்குப் பக்கத்துத் தூணின் பின்னால், மூன்று வரிசையில், ஒன்றைப் போலவே ஒன்றாக வெள்ளைச் சுவிட்சுகள். எதிலும் ஓர் எழுத்துக் கிடையாது. எழுத்து எதற்கு? எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் அது எந்தப் பருவத்தில் வந்தது, அப்போது எவன் என் காலை வாரப் பார்த்தான், அவன் இப்போது எந்த நிலையில் இருக்கிறான் என்று மூச்சுவிடாமல் சொல்வேன். மற்றவர்களுக்கு அது சுவிட்சுப் பலகை. எனக்கு அது என் சரித்திரம்!

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் சரித்திரம் தெரியாதவர்களுக்கு அந்தப் பலகை கொஞ்சம் சிரமம்தான். மேடையும் கக்கூஸும் பக்கத்துப் பக்கத்துச் சுவிட்சு. போட்டோ பிடிப்பவர் மேடை விளக்கைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் கக்கூஸிலிருந்து ஒரு குரல் எழும்பும். ஆனால் சனங்கள் பழகிக்கொண்டார்கள். என் மண்டபத்துக்கு வருகிறவர்கள் மொய்க்கவரோடு ஒரு டோர்ச் லைட்டும் கொண்டுவந்தார்கள். பழகிவிட்டால் எது குறை?

அந்தப் பலகையில் என் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, பூமழை. தாலி கட்டும் நேரத்தில், கெட்டிமேளம் முழங்கும்போது, நான் ஒரு சுவிட்சை அமுக்குவேன். மேடைக்கு மேலே தொங்குகிற தகரப்பெட்டி திறந்து பூவிதழ் கொட்டும். நானே யோசித்து நானே செய்தது. அந்தச் சுவிட்சு நடு வரிசையில், வலது கோடியில். கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவேன். உண்மையிலேயே மூடிக்கொள்வேன்! பார்க்கிறவர்கள், பெரியவர் மணமக்களுக்காகச் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

இன்னொன்று, காற்றாடி. எங்கள் மலையில் கழுவிய தரை லேசில் காயாது. பனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால், மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டப் போட்டிருந்த பெரிய காற்றாடியை வாங்கிவந்து, சக்கரம் வைத்த சட்டத்தில் மாட்டி, மண்டபத்தின் வலது சுவரோரம் நிறுத்தினேன். மலைமலையாகக் கொழுந்தை வாட்டிய காற்றாடி! அதைப் போட்டால் தரை மட்டுமா காயும்? நிற்கிறவன் கண்ணே காய்ந்துவிடும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது என் கண்ணில் புரை விழுந்தது.

கண்டியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஒரு கண்ணில் கட்டு. அன்றைக்கு மண்டபத்தில் ஒரு கல்யாணம். என் மனைவி பாக்கியம் போன் எடுத்தாள்.

"என்னாங்க, மேடையில வெளிச்சம் இல்ல. எதை அமுத்துறது?"

"மேல் வரிசை. மூணாவது."

"அமுத்திட்டேன். மோட்டார்தான் ஓடுது."

"நீ எந்தப் பக்கம் இருந்து எண்ணுற?"

"நான் நிக்கிற பக்கம் இருந்து! மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொறைக்கிறாங்க. சொல்லித் தொலைங்க!"

சொன்னேன். படுக்கையில் கிடந்தபடி, ஒற்றைக் கண்ணோடு, ஒரு முழுக் கல்யாணத்தை நடத்தினேன். மோட்டாரை நிறுத்த வைத்தேன், மேடையை எரிய வைத்தேன், கக்கூஸில் மாட்டிக்கொண்டவரை மீட்டேன். நேர்ஸ் வந்து போனைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தேன். சொன்னால் சிரிக்காதீர்கள்... எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமல் ஒரு பல்பு எரியவில்லை! ஒரு மனுசனுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

பாக்கியம் அப்படி நினைக்கவில்லை. நான் கட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, மண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஏணி நின்றது. ஏணியின் மேலே ஒரு பெண்பிள்ளை நின்றது.

அதுதான் தர்ஷினி. பக்கத்தூர் வட்டகொடைப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சார வேலை படித்துவிட்டு, யாரிடமும் கைகட்டி நிற்காமல் தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாள். பொம்பளைப்பிள்ளை ஏணியில் ஏறுவதா என்று யாரும் வேலை கொடுக்கவில்லை. பாக்கியம் கொடுத்தாள். "நீங்க அடுத்த கண்ணுக்குப் படுக்கும்போது நான் மறுபடி போன் போட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று என்னிடம் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை என் பலகையை வெகுநேரம் பார்த்தது.

"ஐயா, இது எந்த ஒழுங்குல இருக்குங்க?"

"நான் முன்னேறுன ஒழுங்குல."

"அப்ப இத நீங்க மட்டும்தான் வாசிக்கலாம்."

அதைப் பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எங்கள் அம்மன் கோயிலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். கோயில் முழுக்கப் புது வயரிங். கோயில் கமிட்டிக்குத் தலைவர் யார்? நான்தான்! "மண்டபத்து வேலை நல்லா வந்துச்சுன்னா, கோயில் வேலை உனக்குத்தான்மா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்கு அது வெறும் வேலை இல்லை. அம்மனுக்கே விளக்குப் போட்டவள் என்று பேர் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த வீட்டுக்காரனும் அவளை வாசலில் நிறுத்தி, 'உனக்கு இதெல்லாம் தெரியுமா' என்று கேட்க மாட்டான். தொழில் நிலைத்துவிடும். இல்லாவிட்டால் தொழிலே இல்லை. இது அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்... அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பலகை வந்தது. வந்த அன்றே என் வயிறு எரிந்தது.

மண்டபத்தையே சின்னதாக்கிப் பலகையில் வரைந்திருந்தாள். மேலே மேடை. நடுவில் ஆட்கள் உட்காரும் இடம். கீழே வாசல். ஒரு பக்கம் சமையற்கட்டு, அதற்குப் பின்னால் கக்கூஸ். எந்த விளக்கு மண்டபத்தில் எங்கே தொங்குகிறதோ, படத்திலும் அதே இடத்தில் அதன் சுவிட்சு. பூமழை மேலே, மேடைக்கு நடுவில். காற்றாடி நடுவில், அது நிற்கிற வலது சுவரோரத்தில். அதற்கு மட்டும் ஒரு சிவப்பு வளையம் போட்டு, தூக்கித் திறக்கிற மாதிரி சின்ன மூடியும் வைத்திருந்தாள்.

"இது என்னாம்மா, மூக்குப்பொடி டப்பியா?"

"கை தவறிப் பட்டுறக் கூடாதுங்க ஐயா. காத்தாடி பொல்லாதது."

பாக்கியத்தின் தங்கச்சி அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்தாள். மண்டபத்துக்குள் அதற்கு முன் கால் வைக்காதவள். செருப்பையே இடம் வலம் மாற்றிப் போடுகிறவள்! பாக்கியம் அவளைப் பலகை முன்னால் நிறுத்தி, "வாசல் லைட்டப் போடுடி" என்றாள். போட்டாள். "சமையற்கட்டு?" போட்டாள். "கக்கூஸ்?" ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. "அட, இது எனக்கே தெரியுதே அக்கா!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் பலகை நல்லது. என் பலகை கெட்டது. இத்தனை காலம் கக்கூஸில் இருட்டில் நின்றவர்களெல்லாம் என் பெருமைக்காக நின்றவர்கள்.

விளங்கியும் என்ன? நல்லது என்று தெரிந்த ஒன்றின்மேல் கோபம் வந்திருக்கிறதா உங்களுக்கு? கெட்டதின்மேல் வருகிற கோபம் திட்டித் தீர்த்தால் போய்விடும். இது போகாது. பழைய பலகை கோணல்தான். ஆனால் அந்தக் கோணல் என் விரலுக்குள் இருந்தது. புதுப் பலகையில் கோணலே இல்லை. ஆனால் அதற்கு நான் வேண்டியதில்லை! ராஜமாணிக்கம் வந்தாலும் எரியும், ராஜமாணிக்கம் செத்தாலும் எரியும். இப்படி ஒரு பலகையை என் சொந்தச் சுவரிலேயே மாட்டிவைக்க நான் என்ன முட்டாளா?

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆளில்லாத நேரம் பார்த்து, அந்தச் சிவப்பு வளையத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். என் மண்டபத்தில் என் காற்றாடியைப் போட நான் எதற்கு மூடியைத் திறக்க வேண்டும்? கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பட்டுச்சட்டை மாற்றும்போது அதையும் மறக்காமல் இடம் மாற்றினேன். ஏன் வீசவில்லை? தெரியாது. ஒருவேளை, திரும்ப மாட்டலாம் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ... நல்லவன் என்று காட்டிக்கொள்ள இப்போது சொல்கிறேனோ அதுவும் தெரியாது.

மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தரைத்தான் கண்டாக்கு என்போம்; எங்கள் காலத்தில் தொரைக்கு அடுத்த சத்தம் அவருடையது. ஓய்வு பெற்றாலும் சத்தம் ஓய்வு பெறாது. வந்த உடனே நாற்காலி வரிசையை நேராக்கச் சொன்னார். என்னையும் இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

தர்ஷினி வந்திருந்தாள். முதல் விசேஷத்துக்குப் பலகை பக்கத்தில் நிற்கிறேன் என்று அவளாகவே வந்தது. நல்ல சாரி கட்டி, இடுப்பில் மட்டும் டெஸ்டர் செருகியிருந்தாள்.

"நீ போய்ச் சாப்புடு பிள்ள. இத நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"தாலி கட்டி முடியட்டுங்க ஐயா."

"எனக்குப் பூ போடத் தெரியாதா? போ, போ. முதல் பந்தி போயிரும்!"

போனாள். நான்தான் அனுப்பினேன்.

முந்தின இரவு மேடையைக் கழுவியிருந்தார்கள். அதைக் காயவைக்கக் காற்றாடியை மேடைப் பக்கம் திருப்பிவைத்தவர்கள், திரும்பத் திருப்பவில்லை. அதையும் நான் பார்த்தேன். பிறகு திருப்பலாம் என்று விட்டேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம்! நான் தூணுக்குப் பின்னால் நின்று, எத்தனையோ கல்யாணத்தில் செய்தது போலவே, கண்ணை மூடினேன். கை தானாக எழுந்து போனது. நடுவில்... வலது கோடி.

புதுப் படத்தில் அந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரே வாசிப்பில் தெரிந்தது, என் கைக்குத் தெரியவில்லை!

முதலில் ஓர் உறுமல். பிறகு காற்று, மேடையின் பின்சுவரில் மோதி வாசல்வரை திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தபோது அட்சதை கீழே விழாமல் மேலே போய்க்கொண்டிருந்தது. வாசலில் கட்டிய வாழைமரம் விடைபெறுகிறதுபோல் வெளியே சாய்ந்தது. ஓமகுண்டத்துச் சாம்பல் ஒட்டுமொத்தமாக எழுந்து மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நகர்ந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை இரண்டாம் வரிசையில் ஒரு கிழவியின் மடியில் இறங்கியது. நாதஸ்வரக்காரர் ஊதினார், எதிரே காற்றாடியும் ஊதியது, காற்றாடி ஜெயித்தது. ஐயர் மட்டும் கண்ணை இறுக்கிக்கொண்டு மந்திரத்தை வேகமாக ஓட்டினார். அந்தச் சாம்பலுக்குள் மாப்பிள்ளை தாலியை விடவில்லை. தடவித் தடவிச் சரியான கழுத்தில் கட்டி முடித்தார். அந்தத் தம்பியை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

அதை அணைக்கத் தோன்றவில்லை எனக்கு. சமையற்கட்டிலிருந்து சோற்றுக் கையோடு ஓடிவந்த தர்ஷினிதான் காற்றாடியை நிறுத்தினாள்.

பிறகு சாம்பலுக்குள்ளிருந்து கண்டாக்கையா வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை எல்லாம் ஒரே நிறம். கண் மட்டும் சிவப்பு.

"எவன்டா இதப் போட்டது?"

அந்தக் குரல்...! நான் சொல்வதைக் கேளுங்கள். எழுபதை நெருங்குகிறவன் நான். மண்டபம் என்னுடையது, நிலம் என்னுடையது, அவர் நின்ற மேடைகூட என்னுடையது. ஆனால் அந்தக் குரல், விடியற்காலைப் பெரட்டில், ஆளெண்ணி வேலைக்குப் பிரிக்கிற அந்த முற்றத்தில், "எவன்டா பிந்தி வந்தது?" என்று என் அப்பாவை நோக்கி வந்த குரல். அந்த ஆள் இவர் இல்லை. குரல் அதே குரல். அப்போது நான் அப்பாவின் கம்பளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இங்கே கம்பளி இல்லை. முன்னால் நின்றது அந்தப் பிள்ளைதான்.

"நான் பூமழைக்குத்தாங்க அமுத்துனேன்... காத்தாடி வந்துருச்சு. புதுப் பலகைங்க. இந்தப் பிள்ள வயரை மாத்திக் குடுத்துருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் வாய் என்று தெரிந்தது.

தர்ஷினி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். சோறு ஒட்டாத இடது கையால் மேலே, மேடைக்கு நடுவில் இருந்த சுவிட்சை அமுக்கினாள். பெட்டி திறந்தது. சாம்பல் பூசிய மணமக்கள்மேல், சாம்பல் பூசிய கண்டாக்கையா மேல், பூ கொட்டியது. ஒரே ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் அடக்கினார்.

"வயரு சரியாத்தாங்க இருக்கு ஐயா. நீங்க எத அமுத்துனீங்க?" பிறகு சிவப்பு வளையத்தைத் தொட்டாள். "இதுல ஒரு மூடி இருந்துச்சே. எங்கங்க?"

என் கை சட்டைப்பைக்குள் இருந்தது. மூடி என் உள்ளங்கையில் இருந்தது!

"என்னா மூடி? எந்த மூடி? இப்ப சரியா வருது, அப்ப வரலியே! என் கையி தப்புங்கிறியா? எத்தன கல்யாணத்துக்குப் பூ போட்ட கையி இது!"

கூட்டத்தில் ஒரு பெரியவர், "ராஜமாணிக்கம் கையி தப்பாதுப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைக அவசரத்துல வயரை மாத்திக் குத்திருதுங்க" என்றார். நாலு தலை ஆடியது. பிறகு நாற்பது தலை. முடிந்தது. ஒரு தொழிலை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? தலையாட்டுகிற நேரம்தான்.

அவள் வாதாடவில்லை. "சரிங்க ஐயா" என்றாள். கையைக் கழுவினாள். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு, நல்ல சாரியோடு, தலவாக்கலைப் பாதையில் நடந்துபோனாள்.

மறுவாரம் பழைய பலகை சுவருக்குத் திரும்பியது. கோயில் வேலை டவுனில் ஒரு ஆளுக்குப் போனது. அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிடவில்லை. தலவாக்கலையில் ஒரு போன் கடையில் கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

பாக்கியம் என்னிடம் ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "உங்க கையி எங்க போச்சுன்னு நான் பாக்கல. பாத்திருந்தா அங்கனயே சொல்லியிருப்பேன்."

"பாக்காதவ பேசக் கூடாது."

"பேசல" என்றாள். பேசவில்லைதான். ஆனால் அன்றிலிருந்து பழைய பலகையில் விரல் வைக்க மாட்டேன் என்கிறாள். சமையற்கட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்றாலும், தண்ணீர் ஏற்ற வேண்டுமென்றாலும், "என்னாங்க!" என்று ஒரு கூப்பாடு. குளிக்கும்போது கூப்பாடு. சாப்பாட்டில் கை வைத்ததும் கூப்பாடு. இந்த வயதில் மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன். நான் இல்லாமல் எரியக் கூடாது என்று ஆசைப்பட்டேனே... எரியவில்லை!

அப்புறம் கோயில் திருவிழா வந்தது. டவுன் ஆள் செய்த வேலையில், மணிக்கு உண்டான சுவிட்சைப் போட்டால் மூலஸ்தான விளக்கு அணைந்தது. விளக்கைப் போட்டால் ஸ்பீக்கர் அலறியது. பூசாரி மூன்று நாளும் ஒரு கையில் கற்பூரம், ஒரு கையில் டோர்ச் லைட். கமிட்டி கூடியது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும்; யாரிடம் கொடுப்பது?

அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். நம்புங்கள்! குளித்து, விபூதி பூசி, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். 'அன்னிக்குத் தப்பா அமுத்துனது நான்தாங்க.' ஒரே வரி. எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் எவ்வளவு மரியாதை! அதைப் பார்த்திருக்கவே கூடாது.

"அந்த வட்டகொடைப் பிள்ள இருக்குல்ல, தர்ஷினி... அதுகிட்டக் குடுங்க" என்றேன். அதுவரை சரி. அடுத்த வரி வர வேண்டும். வந்தது.

"நான் அதை மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டேன்! நான்! அவளை!

கைதட்டினார்கள். என்ன பெரிய மனசு என்றார்கள். பொருளாளர் அம்மனுக்கு வந்திருந்த பொன்னாடையில் ஒன்றை எடுத்து என் தோளில் போர்த்தினார். நான் அதைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்ன... குனிந்து கொடுத்தேன், போர்த்த வசதியாக.

செய்தி தலவாக்கலைக்குப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். நான் மண்டபத்து வாசற்படியில் நின்றிருந்தேன். அவள் கீழே, ரோட்டோரம் நின்றாள். ஏணி இல்லை. கையில் ஒரு குடை மட்டும்.

"வாம்மா, வா, வா!"

"கோயில் கமிட்டியில சொன்னாங்க ஐயா. நீங்க என்னைய மன்னிச்சிட்டீங்களாம்."

"ஆமாம்மா. நான் எதையும் மனசுல வச்சுக்கிற ஆள் இல்ல."

"எதுக்கு மன்னிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கே ஏணியோட வந்துர்றேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். பில் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். லேசாகத் தூறல் விழுந்தது, குடையை விரிக்கவில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு விரிக்கலாம் என்று நினைத்தாள் போல.

நான் வாயைத் திறந்தேன். கோப்பை கழுவிய கதை, லொறி வாங்கிய கதை, எதையும் மூச்சுவிடாமல் சொல்கிற வாய் இது.

"டீ குடிக்கிறியாம்மா?" என்றேன்.

"வேணாங்க ஐயா."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் வந்தது. அவள் கையைக் காட்டவில்லை, அதுவாக நின்றது. ஏறிப்போனாள். கோயில் வேலைக்கு வரவில்லை. வர மாட்டாள். கமிட்டியில், பார்த்தீர்களா, மன்னித்தும் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு... தலையை ஆட்டாமல் இருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உங்களிடம் இவ்வளவும் சொன்னேனே, அவள் கேட்ட அந்த ஒன்றுக்குப் பதில் சொல்ல முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் தூறலில் நிற்கவில்லை.

தலவாக்கலைக்கு இங்கிருந்து ஒரே பஸ்தான். என் வாசலிலேயே நிற்கிறது. இன்று காலையும் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "மொதலாளி, வாறீங்களா?" என்று கேட்டான்.

"இன்னிக்கு இல்லப்பா" என்றேன்.